சூயாக் பக்கத்தில் வயதானவர்களோடு காலாற நடக்க ஏற்ற வழிகள்

ஜூலை மாதத்தில் நான்கு நாள் மொரீஷியஸின் தென்கோடியில் சூயாக் கிராமத்தை ஒட்டித் தங்கப்போவதாகவும், உடன் வரும் பெற்றோர் எழுபது வயதை நெருங்குகிறவர்கள் என்றும், அப்பாவுக்கு ஒரு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருப்பதால் மலையேற்றம் ஆகாது என்றும், ஆனால் நாள் முழுவதும் காரிலிருந்து இறங்கிப் படம் எடுத்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளும் பயணத்தில் அவருக்கு விருப்பமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை நடக்கக்கூடிய வழிகளைக் கேட்டீர்கள். நான் பக்கத்து ஊரான சுரினாமில் பிறந்து வளர்ந்து, இங்கேயே பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவன். என் தாயார் மூட்டுவலியோடு கடைசிப் பத்து ஆண்டுகளும் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த வழிகள்தாம் இவை. ஆகவே எந்த இடத்தில் படி உயரம், எந்த இடத்தில் உட்கார நிழல் என்பதெல்லாம் அவர் வாயிலாக எனக்குத் தெரியும்.

எந்த வழியானாலும் முதலில் கடலில் வெள்ளை நுரைக்கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இந்தத் தீவின் பெரும்பகுதியைப் பவளத்திட்டு வளையம்போலச் சூழ்ந்திருக்கிறது. பெருங்கடலின் அலை கரையிலிருந்து தள்ளியே அந்தத் திட்டில் மோதி உடைந்துவிடுவதால், உள்ளே இருக்கும் நீர் குளம்போல் அடங்கியிருக்கும். ஆனால் ஆறுகள் கடலில் கலக்கும் இடங்களில் நன்னீரும் வண்டலும் பவளத்தை வளரவிடுவதில்லை. சூயாக்கின் கிழக்கே கிரிகிரி பகுதியில் அந்த வளையமே அறுந்துபோகிறது. நுரைக்கோடு தொலைவில் இருந்தால் மணலில் இறங்கி நடக்கலாம். நுரை கரைப்பாறையிலேயே வெடித்தால் மேலே, புல்தரையில் மட்டுமே நடக்க வேண்டும். எங்கே நிற்கலாம், பேரப்பிள்ளைகளின் கையை எங்கே விடலாம் என்பதையெல்லாம் இந்தக் கோடு சொல்லிவிடும். எங்கள் ஊர் மீனவர்கள் காலையில் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

முதல் நாளைச் சூயாக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 1779 முதல் 1787 வரை பிரெஞ்சு ஆளுநராக இருந்த சூயாக் பிரபுவின் பெயரைத் தாங்கிய இந்தக் கிராமம், ஒரு காலத்தில் சிறு துறைமுகமாக இருந்தது. உள்நாட்டுச் சாலைகள் மோசமாக இருந்த அந்த நாளில், சவான் மாவட்டத்து ஆலைகளின் சர்க்கரை மூட்டைகள் இங்கிருந்துதான் படகேறித் தலைநகர் போர்ட் லூயிக்குப் போயின. பாத்லாஜ் என்று நாங்கள் சொல்லும் அந்தப் பழைய படகுத்துறையில் இன்று மீன்பிடி படகுகள் சில கட்டிக்கிடக்கும். பேருந்து நிலையத்துக்குக் கீழே கடலை ஒட்டி டெல்ஃபேர் தோட்டம் இருக்கிறது. பெல்ஃபாஸ்ட்டில் பிறந்து இங்கே வந்து, 1816-இல் பெல் ஓம்ப்ர் சர்க்கரைத் தோட்டத்தை வாங்கியவரும் தாவரவியலில் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தவருமான சார்ல்ஸ் டெல்ஃபேரின் நினைவாக அமைந்த பூங்கா அது. அகன்ற இலைகளோடு குடைபோல் விரியும் நாட்டு வாதுமை மரங்களும் விழுது இறங்கிய ஆலமரங்களும் நிறைந்த இந்த இடத்தில் உட்கார்ந்து பழகிய பிறகு, என் தாயார் வேறு எந்தப் பூங்காவையும் பூங்கா என்று ஒப்புக்கொண்டதில்லை. அங்கிருந்து கடல் கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். ஆனால் நீரோட்டம் வலுவானது என்பதால் இறங்கக் கூடாது.

தோட்டத்திலிருந்து கிழக்கே, வீடுகளுக்கு நடுவே போகும் தார்ச்சாலையில் மெதுவாக நடந்தால், வழியில் ரொபேர் எத்வார் ஆர்ட் என்ற கவிஞரின் வீடு வரும். 1891-இல் பிறந்து 1954-இல் மறைந்த அவர், பவளக்கல்லால் கட்டிய இந்தச் சிறு வீட்டில் கடலைப் பார்த்தபடி தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். 1967-இல் அது அருங்காட்சியகம் ஆயிற்று. 'லா நெஃப்' என்பது வீட்டின் பெயர். பழைய பிரெஞ்சில் மரக்கலம் என்று பொருள். திறந்திருந்தால் உள்ளே போகலாம், மூடியிருந்தாலும் வெளியே நின்று பார்க்கலாம். அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டதும் இதே ஊரின் கடலோரக் கல்லறைத் தோட்டத்தில்தான். அலையின் உப்பில் எழுத்துகள் தேய்ந்துபோன பழைய கற்கள் நிறைந்த அந்த இடத்துக்கு இன்னொரு மாலை தனியாகப் போய்வாருங்கள். ஒரே நடையில் எல்லாவற்றையும் அடைக்க வேண்டாம்.

வீட்டைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் சாலை முடிகிற இடம் கிரிகிரி. இங்கேதான் நான் சொன்ன நுரைக்கோடு காணாமல் போகிறது. பரந்த புல்வெளியின் விளிம்பில் நின்றால் அலை நேராகக் கரும்பாறையில் மோதும் ஓசை முதலில் காலுக்கடியில் உணரப்படும், பிறகுதான் காதில் விழும். நேர் தெற்கே இனி அண்டார்டிக்கா வரை நிலமே கிடையாது. கீழே மணற்பரப்பு அழகாகத் தெரியும். அங்கு இறங்கப் படிகளும் உண்டு. அப்பாவின் முழங்காலுக்கு அந்தப் படிகள் வேண்டாம். இளையவர்கள் இறங்கினாலும் மணலோடு நின்றுவிட வேண்டும், தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. நான் பதினைந்து வயதில் என் சித்தப்பா மகனோடு அங்கே தாழ்ந்த பாறையொன்றில் நின்றுகொண்டிருந்தேன். கால்மணி நேரமாகக் கணுக்காலைக்கூட நனைக்காத கடல் திடீரென்று இடுப்பளவு ஏறிவந்து, என் செருப்பு இரண்டையும் அவன் கையிலிருந்த தூக்குப்போணியையும் கொண்டுபோயிற்று. வானத்தில் அப்போது ஒரு மேகம் இல்லை. மிகத் தொலைவில், தென்பெருங்கடலில் வீசும் புயல் எழுப்பிய அலை பல நாள் பயணம் செய்து இங்கு வந்து சேர்வதால், நம் தலைக்கு மேலே இருக்கும் வானிலையைப் பார்த்து இந்தக் கடலை மதிப்பிட முடியாது. ஜூலை மாதம் அத்தகைய அலைகள் மிகுதியாக வரும் பருவம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கிரிகிரியிலிருந்து கிழக்கே குன்றின் விளிம்பை ஒட்டிப் புல்லிலும் சிவந்த மண்ணிலுமாக ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது. 'லா ரோஷ் கி ப்ளர்', அதாவது அழும் பாறை, அந்தப் பாதையின் முடிவில் இருக்கிறது. வேகமாக நடப்பவர்களுக்குப் பத்து நிமிடம். முழங்காலைப் பார்த்து நடப்பவர்களுக்கு இருபத்தைந்து நிமிடம். ஏற்றம் சிறிதளவே. அலை உயர எழுந்து பாறையின் முகத்தில் விழுந்து, அடுத்த அலை வருவதற்குள் நூறு இழைகளாக வழிந்து இறங்கும். மோதும்போது எல்லாரும் படம் எடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது அதற்குப் பிறகு வரும் சில நொடிகள். கறுத்த கல்லின் வெடிப்புகளிலிருந்து வெள்ளை நீர் முதலில் கயிறுபோலத் தடித்து, பிறகு நூலாக மெலிந்து, கடைசியில் சொட்டாக நிற்கும். நிற்பதற்கும் அடுத்த அலை அறைவதற்கும் சரியாக இருக்கும். இந்தப் பாறையின் பக்கவாட்டுத் தோற்றம் கவிஞர் ஆர்ட்டின் முகச்சாடையில் இருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். நான் பலமுறை தேடிப் பார்த்து, மாலை வெயிலில் மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

வெயில் பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இங்கே திசை தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். நாம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ இருபதரை பாகையில் இருப்பதால், ஜூலை மாதத்து நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். தென்கரையில் கடலைப் பார்த்து நின்றால் வெயில் முதுகில் விழும், கண் கூசாது. படம் எடுக்கவும் நல்லது. பொழுது காலை 6.45 அளவில் விடிந்து, மாலை 5.45-க்கு அடைந்துவிடும். அந்தி நீளாது, அரை மணிக்குள் இருட்டு மூடும். ஆகவே மாலை நடையை 4 மணிக்கே தொடங்கிவிடுங்கள். குளிர் என்று பெரிதாக இல்லை, பகலில் 24 பாகை அளவில் இருக்கும். ஆனால் தென்கிழக்குக் காற்று விடாமல் வீசுவதால் வயதானவர்களுக்குக் காதை மூடும் துணி ஒன்று தேவைப்படும்.

இரண்டாவது நடை மணலில். சூயாக்கிலிருந்து மேற்கே சுரினாமைக் கடந்தால் ரியாம்பேல் கடற்கரை. இங்கே நுரைக்கோடு மறுபடி தொலைவுக்குப் போய்விடுகிறது. கரைக்கும் அதற்கும் நடுவே நீர் வெளிறிய பச்சையாக அடங்கிக் கிடக்கும். சவுக்குத் தோப்பின் ஓரமாகக் கடற்கரை நெடுந்தூரம் சமமாக ஓடுவதால் முழங்காலுக்கு இதைவிட இணக்கமான இடம் எங்கள் பக்கத்தில் இல்லை. நீர் வடிந்திருக்கும் நேரத்தில் ஈரமணல் கெட்டியாக இருக்கும், அதில் நடந்தால் கால் புதையாது. மேலே உலர்ந்த மணல் முழங்காலை இழுக்கும். இங்கும் திட்டின் இடைவெளிகளை நோக்கி நீரோட்டம் உண்டு, எனவே குளிப்பதை வேறு கடற்கரைக்கு ஒத்திப்போடுங்கள்.

விடுதிகளும் வீடுகளும் கடலைப் பார்த்திருக்கும் இடங்களில் நடக்கலாமா என்று வெளியூரார் தயங்குவதுண்டு. தயங்க வேண்டாம். அலை ஏறி இறங்கும் கரைப்பகுதி பொதுமக்களுக்கு உரியது. அதற்கு மேலே 'பா ஜியோமேத்ரிக்' என்று பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே வழங்கிவரும், 81.21 மீட்டர் அகலத்துக்குக் குறையாத கடலோர நிலமும் அரசுக்கு உரியது. அதில் சில பகுதிகள் குத்தகைக்கு விடப்பட்டிருக்கின்றன, அந்த வேலிக்குள் மட்டும் போகக் கூடாது. ஈரமணலில் நடக்கிறவரை யாரும் தடுக்க முடியாது. கடற்கரை எல்லாருக்கும் உரியது என்பதை இங்கே நாங்கள் மிகவும் பெரிதாக எண்ணுகிறோம். விடுமுறை நாளில் முழுக் குடும்பமும் அண்டாவில் பிரியாணியோடு சவுக்கு மரத்தடியில் பாய் விரித்திருப்பதைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். ஞாயிற்றுக்கிழமை போனால் அந்தக் கூட்டமும் பாட்டும் கிடைக்கும், புதன்கிழமை போனால் அமைதி கிடைக்கும். எது வேண்டும் என்பதை அம்மாவிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது நடை கடலைவிட்டு உள்ளே, கரும்புக்குள். எனக்கு இதுவே மிகவும் பிடித்தது. சூயாக்கிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே சவான் ஆற்றில் ரோச்செஸ்டர் அருவி இருக்கிறது. கரும்புத் தோட்டத்து மண்பாதை வழியாகப் போக வேண்டும். பத்து மீட்டர் உயரத்தை ஒட்டிய சிறு அருவிதான். ஆனால் நீர் விழும் பாறைச் சுவர், யாரோ சதுரத் தூண்களைச் செதுக்கி அடுக்கியதுபோல நேர்நேராகப் பிளந்து நிற்கும். எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது சுருங்குகிறது. சுருங்கும்போது குளிர்ந்த பரப்புக்குச் செங்குத்தாக வெடிப்புகள் இறங்குவதால் பாறை தூண்தூணாகப் பிரிகிறது. தாமரைக்குளம் வற்றி வெடித்த சேற்றைப் பார்த்திருப்பீர்கள். அதே செயல்தான், கல்லில், பல அடி ஆழத்துக்கு நடந்திருக்கிறது.

கடைசிச் சில நூறு மீட்டரில் பாதை கரடுமுரடானது, ஆற்றங்கரையில் வழுக்கும். அப்பா மேலே நின்று அருவியைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டால் போதும். அங்கிருந்தே முழுவதும் தெரியும். கடற்கரையில் வெயில் அடித்தாலும், முந்தைய இரவு தீவின் நடுவே கியூர்பீப் நகரப் பக்கத்து மேட்டுநிலத்தில் மழை கொட்டியிருந்தால் ஆறு கலங்கிப் பெருகிவரும், ஏனென்றால் தென்பகுதியின் ஆறுகளுக்கு நீர் அங்கிருந்தே வருகிறது. தண்ணீர் தேயிலை நிறத்தில் இருந்தால் கீழே இறங்காமல் திரும்பிவிடுங்கள். வண்டி நிறுத்துமிடத்தில் வழிகாட்டுகிறோம் என்று சிலர் கூடவே வருவார்கள். வேண்டுமானால் தொகையை முன்பே பேசிக்கொள்ளுங்கள், வேண்டாமென்றால் 'நோ, மெர்சி' என்று சிரித்தபடி சொன்னால் விலகிவிடுவார்கள். அங்கேயே அன்னாசிப்பழத்தைக் காம்போடு பிடித்துச் சுருள்சுருளாகச் சீவி, புளியும் உப்பும் மிளகாயும் தடவித் தருவார்கள். அதை விட்டுவிட வேண்டாம்.

அருவியைவிட அங்கே போகும் மண்பாதையைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். வண்டியைச் சாலையோரத்தில் விட்டுவிட்டு அரை மணி நேரம் நடந்து பாருங்கள். ஜூலையில் அறுவடை தொடங்கியிருக்கும் என்பதால், ஒரு பக்கம் தலைக்கு மேல் வளர்ந்த கரும்பும் மறுபக்கம் வெட்டிய வயலின் திறந்த வெளியுமாக, கதவு திறந்து மூடுவதுபோல் கடல் தெரிந்து மறையும். வயல்களின் நடுவே ஆளுயரத்துக்கும் மேலாகக் கருங்கல் குவியல்கள் நிற்பதைக் காண்பீர்கள். இந்தத் தீவே எரிமலைக் கல் என்பதால், கரும்பு நடுவதற்கு முன்பு ஒவ்வொரு கல்லையும் கையால் பெயர்த்து எடுத்து அடுக்க வேண்டியிருந்தது. முதலில் அடிமைகள் அதைச் செய்தார்கள். 1834-க்குப் பிறகு சென்னை மாகாணத்திலிருந்தும் பிகாரிலிருந்தும் மராட்டியப் பகுதியிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் செய்தார்கள். என் கொள்ளுத்தாத்தா அவர்களில் ஒருவர். ஒரு குவியலின் அருகே நின்று கையை வைத்துப் பாருங்கள். கற்கள் கொட்டிக் கிடப்பவை அல்ல. பெரியவை வெளிப்புறம், சிறியவை உட்புறம் என்று பொருத்தி அடுக்கியவை. புயல் பல பார்த்தும் சரியாமல் நிற்பதற்கு அதுவே காரணம். உங்கள் அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி என்று எழுதியிருந்தீர்கள். அவருக்கு இந்த இடத்தில் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்காது.

சில குவியல்களின் அருகில் மரத்தடியில் ஏழு கல் நட்டுக் குங்குமம் இட்டு, சிவப்புத் துணி கட்டிய சிறு பீடம் இருக்கும். காளிமாயி என்று இங்கே சொல்வார்கள். தோட்டத் தொழிலாளர்கள் வைத்த காவல் தெய்வம். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் நின்றால் யாரும் வேறாக நினைக்க மாட்டார்கள். அந்த மரங்களில் கொண்டைக்குருவியின் குரல் கேட்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவிலிருந்து வந்து பெருகிய பறவை அது. இங்கே எல்லாரும் பேசும் கிரியோல் மொழியில் அதன் பெயர் 'கோந்தே'. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் நம் கொண்டை என்ற சொல் என் காதில் ஒலிக்கும். மைனாவும் வழியெல்லாம் கூடவே வரும். அதையும் இந்தியாவிலிருந்துதான், வெட்டுக்கிளியைத் தின்னவென்று, பதினெட்டாம் நூற்றாண்டில் கொண்டுவந்தார்கள்.

கரும்புப் பாதைகள் தோட்ட நிறுவனங்களுக்கோ சிறு விவசாயிகளுக்கோ சொந்தமானவை. சங்கிலி போட்டிருந்தால் தாண்டிப் போகாதீர்கள். ஆள் நின்றால் 'மோ கப்பாவ் பாஸே?' என்று கேளுங்கள், 'நான் போகலாமா?' என்பது அதன் பொருள். பெரும்பாலும் கையசைத்து அனுப்புவார்கள். கரும்பு ஏற்றிய லாரி வந்தால், வளைவில் ஓட்டுநருக்கு உங்களைத் தெரியாது என்பதை நினைவில் வைத்து முன்கூட்டியே ஒதுங்கி நில்லுங்கள். மனிதரைக் கொல்லும் நச்சுப் பாம்பு இந்தத் தீவில் இல்லை, அம்மா அந்தப் பயத்தை விட்டுவிடலாம். ஆனால் புதர்களிலும் கரும்புத் தோகையிலும் 'மூஷ் ஜோன்' என்று சொல்லும் மஞ்சள் குளவி கூடு கட்டியிருக்கும். தோகையைக் கையால் விலக்காமல் பாதையின் நடுவிலேயே நடந்தால் அது உங்களைச் சீண்டாது.

மழை நாள் ஒன்று நிச்சயம் வரும். அன்று ரிவியேர் தெசாங்கியி அருகே 1985-இல் தொடங்கிய லா வனீல் பூங்காவுக்குப் போங்கள். அல்தாப்ரா தீவின் ராட்சத ஆமைகளுக்கு நடுவே, அடர்ந்த மரநிழலில் சமமான பாதையில் நடக்கலாம். 1819-இல் கட்டிய சேன் தோபேன் மாளிகையும் பக்கத்திலேயே இருக்கிறது.

நான்காம் நாளுக்கு மேற்கே கரையோரச் சாலையில் பே து காப் வரை வண்டியில் போய், இடையிடையே இறங்கி நடக்கச் சொல்வேன். பெல் ஓம்ப்ரில் ட்ரெவெஸ்ஸா நினைவுச்சின்னம் உண்டு. 1923 ஜூன் 4 அன்று இந்தியப் பெருங்கடலின் நடுவே மூழ்கிய அந்தக் கப்பலின் உயிர்ப்படகு ஒன்று, 25 நாள் கழித்து, ஜூன் 29 அன்று இங்கே கரை சேர்ந்தது. அதன் எதிரே நின்று மறுபடி நுரைக்கோட்டைப் பாருங்கள். அத்தனை நாள் தாகத்தோடு வந்தவர்கள் கடைசியாகக் கடக்க வேண்டியிருந்தது அந்தத் திட்டைத்தான். பே து காப்பில் சாலை கடலுக்கும் பாறைக்கும் நடுவே நெளிந்து போகும். மக்கோந்தே பாறையின் மேல் ஏறப் படிகள் உள்ளன, காட்சியும் அருமையானது, ஆனால் அப்பாவுக்கு வேண்டாம். நீங்கள் ஏறி இறங்கும்வரை அவர் கீழே வளைகுடாவின் ஓரத்தில் படகுகளைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். இந்தச் சாலையில் நடைபாதை கிடையாது. வண்டிகள் நம் ஊரைப் போலவே இடப்பக்கம் ஓடுகின்றன, எனவே எதிரே வருவது தெரியும்படி வலப்பக்கமாக வரிசையில் நடந்து போங்கள்.

சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதில்லை. சூயாக் பேருந்து நிலையத்தைச் சுற்றிக் காலையில் தால்பூரி என்னும் பருப்பு வைத்த மெல்லிய ரொட்டியும் 'காத்தோ பிமா'வும் கிடைக்கும். பின்னது நம் பருப்புவடைதான், அளவில் சிறியது. ரொட்டிக்குள் வெண்ணெயோடு வைத்துத் தருவார்கள். கிராமப் பேருந்துகள் மாலை ஆறு மணியோடு பெரும்பாலும் அடங்கிவிடும் என்பதால், வண்டி இல்லாமல் நடக்கும் நாளில் 5 மணிக்கே நிலையத்துக்கு வந்துவிடுங்கள்.

எந்த நாளில் எந்த நடை என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம். வக்வாவில் இருக்கும் வானிலை ஆய்வு மையம் தென்கரையில் உயர் அலை வரும் நாட்களில் முன்னெச்சரிக்கை வெளியிடும். தங்குமிடத்தில் கேட்டால் சொல்வார்கள். அந்த எச்சரிக்கை இருக்கும் நாளில் கரும்புப் பாதைக்கு அப்பாவை அழைத்துப் போங்கள். எச்சரிக்கை நீங்கிய மறுநாள் காலை, கடலில் வேகம் இன்னும் சற்று மிச்சமிருக்கும்போது, அழும் பாறைக்குப் போய்ப் புல்மேட்டில் உட்காருங்கள்.